கேமராவை மாற்றும் முன்: கடலடிப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து கடலுக்குப் போவதே நாலு மணி நேரப் பயணம். புதுச்சேரிக்கோ ராமேஸ்வரத்துக்கோ எப்போதாவது போய் ஸ்கூபா டைவ் அடித்துவிட்டு வந்து, லேப்டாப்பில் படங்களைத் திறந்தால் எல்லாம் ஒரே பச்சை. நடுவில் மீன் மாதிரி ஏதோ ஒன்று. உடனே புது கேமராவுக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். பழைய காம்பேக்டோ ஆக்‌ஷன் கேமராவோ இருந்தாலே போதும். படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நமக்கும் மீனுக்கும் நடுவில் நிற்கும் தண்ணீர்தான்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. 5 மீட்டர் ஆழத்திலேயே அது பெரும்பாலும் போய்விடும். ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. 5 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனை 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், ஒளி 8 மீட்டர் தண்ணீரைக் கடந்துதான் லென்ஸுக்கு வருகிறது. போதாக்குறைக்கு, முகமூடிக் கண்ணாடி வழியே எல்லாமே கால்வாசி கிட்டத்தில் தெரியும். 2 மீட்டரில் இருப்பது ஒன்றரை மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். ‘கிட்டத்தான் இருக்கிறேன்’ என்று நினைக்கும்போது நீங்கள் கிட்டத்தில் இல்லை. ஜூம் செய்தால் இந்தத் தூரம் குறையாது, கலங்கல்தான் பெரிதாகும். லென்ஸை அகலக் கோணத்தில் வைத்து ஒரு மீட்டருக்குள் போங்கள். மேலிருந்து மீனின் முதுகை எடுக்காமல், அதன் கண் மட்டத்துக்கு இறங்கி, கொஞ்சம் அண்ணாந்து எடுங்கள்.

அடுத்தது ஃபிளாஷ். ஏற்காடு மலைப்பாதையில் பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டவர்களுக்குத் தெரியும், ரோடு மறைந்து வெள்ளைச் சுவர்தான் தெரியும். லென்ஸை ஒட்டியே இருக்கும் ஃபிளாஷ், தண்ணீரில் மிதக்கும் தூசியை அப்படித்தான் வெள்ளைப் புள்ளிகளாக்கிப் படம் முழுக்கத் தெளிக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். கையில் டார்ச் இருந்தால் நேராகக் காட்டாமல் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள். நிறங்களைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை வெள்ளை ஸ்லேட்டைப் பார்த்துச் சரிசெய்யலாம். ஆழம் மாறினால் திரும்பவும் செய்ய வேண்டும். லென்ஸில் மாட்டும் சிவப்பு ஃபில்டரையும் ஃபிளாஷையும் சேர்த்துப் போடாதீர்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, மிதக்கவே சரியாக வராத நிலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்குவது. ஒரு கையால் பவளத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிளிக் செய்கிறார்கள். பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடித்தால் உடையும், காலில் மாட்டிய துடுப்பு கிளப்பும் மணலில் படமும் போகும். ஊரிலுள்ள நீச்சல் குளத்தில் பயிற்சியாளர் மேற்பார்வையில், தரையைத் தொடாமல் ஒரே மட்டத்தில் நின்று பழகிவிட்டுப் போங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: கை ஆடாமல் இருக்க மூச்சை அடக்கக் கூடாது. மூச்சை அடக்கியபடி கொஞ்சம் மேலே எழும்பினாலும் நுரையீரல் கிழியலாம்.

இனி ஹவுசிங், அதாவது கேமராவைத் தண்ணீர் புகாமல் மூடும் கூடு. அண்மைக்கால ஹீரோ வகை கோப்ரோ ஆக்‌ஷன் கேமராக்களில் பெரும்பாலானவை ஹவுசிங் இல்லாமல் 10 மீட்டர் வரைதான் தாங்கும். ஓப்பன் வாட்டர் என்னும் தொடக்கநிலைச் சான்றிதழ் டைவோ 18 மீட்டர் வரை போகும். மூடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றி டியூப்லைட் வெளிச்சத்தில் விரல் நுனியால் ஒரு சுற்று உருட்டிப் பாருங்கள். ஒரு தலைமுடி, ஒரு மணல் பரல் போதும் தண்ணீர் உள்ளே வர. தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸைத் தவிர வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவக் கூடாது. பிறகு கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து மூடி, பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். பேப்பர் நனையாவிட்டால் சரி.

ஏற்காட்டுக்காரர்கள் அங்கேயே ஹவுசிங்கை மூடி எடுத்து வராதீர்கள். மலைக்காற்று மெலிதானதால் கீழே வந்ததும் மூடி லேசில் திறக்காது. கீழே வந்து ஏசி அறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து மூடுங்கள். ஈரக்காற்று உள்ளே சிக்கினால், கடலில் கண்ணாடி குளிர்ந்ததும் ஆவியாகப் படியும்.

இன்னும் ஒரே ஒரு படம் என்று கடைசி நாள் காலையிலும் இறங்கிவிட்டு, அன்றிரவே மலையேறுவதும் ஆபத்து. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். டைவின்போது உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் அங்கே போவது, டைவ் முடித்த கையோடு விமானம் ஏறுவதைப் போன்றதே. விமானத்துக்குச் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு, ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. அதுவரை சேலத்திலேயே தங்கிப் படங்களைப் பிரித்து வையுங்கள்.