மனநல வார்டில் அட்டெண்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு

முதல் நாள் பயமாகத்தான் இருக்கும், சினிமாவில் பார்த்ததெல்லாம் மண்டைக்குள் ஓடும். ஆனால் பாதி வேலை மற்ற வார்டுகளில் உள்ளதுதான்: குளிக்க வைப்பது, சாப்பிட வைப்பது, விரிப்பு மாற்றுவது, ஸ்கேனுக்குக் கூட்டிப் போவது.

மீதிப் பாதி, பார்த்துக்கொண்டே இருப்பது. டியூட்டிக்கு வந்ததும் தலைகளை எண்ணுங்கள். ராத்திரி போர்வை மூடியிருந்தால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். பார்வையாளர் கொண்டுவரும் பையில் பிளேடு, பெல்ட், சார்ஜர் வயர், கண்ணாடி பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரையாவது தனியாக விடக்கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தால் டீ குடிக்கப் போவதும் மாற்று ஆள் வந்த பிறகுதான், பாத்ரூம் கதவும் உள்ளே தாழ் போடக்கூடாது.

மாத்திரை கொடுப்பது சிஸ்டர் வேலை, அதில் கை வைக்காதீர்கள். ஆனால் கன்னத்தில் ஒதுக்கியதைப் பிறகு துப்புவது நம் கண்ணில்தான் படும். மருந்து ஆரம்பித்த நாட்களில் ஒருவருக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே சொருகினால் "நடிக்கிறார்" என்று விட்டுவிடாதீர்கள், அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம், சிஸ்டரிடம் உடனே சொன்னால் ஒரு ஊசியில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு ஐயா சாம்பாரில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தொடவில்லை. நான் அரை மணி நேரம் வாதம் பண்ணினேன், அவருக்குக் கோபம் ஏறியதுதான் மிச்சம். சீனியர் அக்கா ஒருத்தர் வந்து, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே பிரிச்சுக்கோங்க ஐயா" என்றார். சாப்பிட்டார். "ஆமா, விஷம்தான்" என்று ஒத்து ஊதவும் வேண்டாம், "உங்களுக்குப் பயமா இருக்குன்னு தெரியுது" என்றால் போதும்.

ஒருவர் கத்த ஆரம்பித்தால் இரண்டு கை தூரம் தள்ளி நில்லுங்கள், வாசலை மறிக்காதீர்கள், ஒரே ஆள் மட்டும் மெதுவாகப் பேசட்டும்.

கட்டிப்போடுவது பற்றி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. வேறு வகையில் கட்டுவதென்றாலும் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், மனநல மருத்துவர் அனுமதியோடு, பதிவேட்டில் எழுதி. தண்டனையாகக் கட்டக்கூடாது, ஆள் பற்றாக்குறை என்பதும் காரணம் ஆகாது; இது சட்டத்திலேயே இருக்கிறது, "ரெண்டு பேர்தான் இருக்கோம், கட்டிடு" என்று யாராவது சொன்னால் ஞாபகம் வரட்டும். கட்டியவரின் விரல்கள் வீங்குகிறதா, தண்ணீர் வேண்டுமா, பாத்ரூம் போக வேண்டுமா என்று பக்கத்திலிருந்தே பாருங்கள். வற்புறுத்தி மொட்டை அடிப்பதும் சட்டப்படி தப்பு.

அப்புறம், டியூட்டி மாற்றும்போது "பிரச்சினை இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். "ராத்திரி 2 மணியிலிருந்து 4 வரை நடந்துகொண்டே இருந்தார், இட்லி ஒன்றுதான் சாப்பிட்டார், தன் சட்டையைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்" என்று சொல்லுங்கள்.