கிரில்லில் காற்றை அளக்கும்போது எண் எங்கே பொய்யாகிறது?

காற்றின் வேகத்தைக் காட்டும் அனிமோமீட்டரை, ஏசி காற்று வரும் தகடு போட்ட திறப்பான கிரில்லின் நடுவில் ஒரு நொடி பிடித்து, வந்த எண்ணை நீள அகலத்தோடு பெருக்கி, இதுதான் காற்றின் ஓட்டம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கருவி பொய் சொல்லவில்லை, பெருக்கல்தான் சொல்கிறது.

காற்று கிரில் முழுக்க ஒரே வேகத்தில் வராது. பின்னால் டக்ட் (காற்று வரும் குழாய்) சட்டென்று வளைந்தால் ஒரு ஓரம் பாயும், மறு ஓரம் நின்றே போயிருக்கும், சில நேரம் உள்ளே கூட இழுக்கும். அதனால் கட்டம் கட்டமாகப் பிரித்து எல்லாக் கட்டத்திலும் அளந்து சராசரி எடுங்கள்.

அடுத்தது பரப்பு. 30 செ.மீ. சதுரக் கிரில்லில் நொடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் மணிக்கு 648 கனமீட்டர் வரும். தகடுகள் அடைத்தது போக 70 சதவீதம்தான் திறப்பு என்று கணக்கிட்டால் அதுவே 454 ஆகிவிடும். சரி, 0.7 போட்டுவிட்டால் முடிந்ததா? இல்லை. தகடுகளுக்கிடையே நெருக்கிக்கொண்டு வரும் காற்று வெளியே வந்ததும் வேகம் மாறுகிறது, ஒட்டிப் பிடித்தால் ஒரு எண், தள்ளிப் பிடித்தால் வேறு எண். தயாரிப்பாளர் தரும் ஏகே காரணி (அளந்த வேகத்தை ஓட்டமாக மாற்றப் பெருக்கும் பரப்பு எண்) கூட அவர் சொன்ன கருவியை அவர் சொன்ன இடத்தில் பிடித்தால்தான் செல்லும்.

சப்ளைக்கு (காற்றை அறைக்குள் தள்ளும் கிரில்லுக்கு) உள்ள காரணியை அப்படியே ரிட்டர்னில் (அறைக் காற்றைத் திரும்ப இழுக்கும் கிரில்லில்) போடுவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியுமா? ரிட்டர்ன் எல்லாப் பக்கமிருந்தும் இழுப்பதால், திறப்பின் அகலம் அளவுக்குத் தள்ளிப் போனாலே வேகம் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். கை கொஞ்சம் பின்வாங்கினாலும் அளவு கெட்டது.

கிரில் முழுவதையும் மூடி மொத்த ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ ஹூட் வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும், ஆனால் ஹூடும் ஒரு தடைதான், வைத்ததுமே ஓட்டம் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவைச் சரிசெய்யும் அழுத்தத் திருத்தம் ஹூடில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். விளிம்பு கூரையோடு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். காற்றைச் சுழற்றி விடும் சுழல் டிஃபியூசர் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஹூடைத் 90 டிகிரி திருப்பி மறுபடி அளந்தால் எண் மாறுகிறதா? அப்போது இரண்டையுமே நம்ப வேண்டாம்.

அப்புறம் கதவு, ஃபில்டர், டேம்பர் (டக்டில் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடு) நிலை எல்லாம் அளந்து முடியும் வரை மாறக் கூடாது. இத்தனையும் செய்தும் கிரில்களின் கூட்டுத்தொகை மெயின் டக்டில் அளந்ததைவிடக் குறைவாக இருந்தால், உடனே கருவியைத் திட்டாதீர்கள், நடுவில் டக்ட் கசிகிறதா என்று பாருங்கள்.