புதிய ஆசிரியரின் முதல் தவணை: வழிகாட்டும் மூத்த ஆசிரியருக்கு

நியமனக் கடிதத்துடன் புதிய ஆசிரியர் ஒருவர் அதிபரின் அறைக்கு வெளியே காத்திருக்கும் காலையில், நேரசூசி பெரும்பாலும் போட்டு முடிந்திருக்கும்; அதில் மிஞ்சிக் கிடப்பவை வேறு எவரும் விரும்பி ஏற்காத வகுப்புகளாகவே இருக்கும். கொழும்பின் அரச பாடசாலைகளில் இது புதுமையன்று. ஆகவே வழிகாட்டும் பொறுப்பை ஏற்ற மூத்த ஆசிரியரின் வேலை அந்த நேரசூசியிலிருந்தே தொடங்க வேண்டும். அதிபரிடமோ பகுதித் தலைவரிடமோ இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: பாடசாலையிலேயே கடினமான வகுப்பின் வகுப்பாசிரியர் பொறுப்பு முதலாண்டில் அவருக்கு வேண்டாம், உங்கள் இருவருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒன்றாக ஓய்வாக இருக்க வேண்டும். இரண்டாவதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்றரை மணிக்கு மணியடித்த பின்னர் சந்திக்கலாம் என்பது ஏட்டளவில்தான் நடக்கும். வெள்ளவத்தையில் வாடகை அறையெடுத்துக் கொட்டாஞ்சேனையில் கற்பிப்பவருக்கு நேரத்துக்குப் பஸ் பிடிக்கும் கவலை இருக்கும். உங்களுக்கோ பிள்ளையை ரியூஷனுக்கு அனுப்பும் அவசரம் இருக்கும்.

வருபவர் எந்த வழியாக வந்தவர் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். தேசிய கல்வியியற் கல்லூரியில் பயின்றவர் தமது மூன்றாம் ஆண்டை ஒரு பாடசாலையில் பயிற்சியாகக் கழித்திருப்பார். பாடக்குறிப்பு எழுதுவது அவருக்குக் கைவந்த கலை. பட்டதாரியாக நேரே நியமனம் பெற்றவரோ பாடத்தை ஆழமாக அறிந்திருந்தும் நாற்பது பிள்ளைகளுக்கு முன் ஒருநாளும் நின்றிராதவராக இருக்கலாம். இருவருக்கும் ஒரே அறிவுரையைச் சொன்னால் ஒருவருக்குச் சலிப்பும் மற்றவருக்குத் திகைப்பும்தான் மிஞ்சும்.

முதல் வாரத்தில் கற்பித்தலைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். வரவுப் பதிவில் தாமதமாக வருவோரைப் பிரிக்கும் சிவப்புக் கோடு எத்தனை மணிக்குக் கீறப்படுகிறது, வெண்கட்டி யாரிடம் இருக்கிறது, மாத முடிவில் மாணவர் இடாப்பைக் கூட்டுவது எப்படி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாருக்கு அறிவிப்பது, ஆசிரியர் அறையில் எந்தக் கதிரை யாருடையது என்பன போன்றவை, கேட்க வெட்கப்பட்டு அவர் கேளாமலே விடும் செய்திகள். (கதிரை விடயம் சிரிப்புக்குரியதன்று, நான் சேவைக்கு வந்த முதல் நாளில் ஒருவருடைய கதிரையில் அமர்ந்ததற்காக ஒரு தவணை முழுவதும் முகம்கொடுத்துப் பேசப்படாமல் இருந்திருக்கிறேன்.)

இரண்டாம் வாரத்தில் அவரை உங்கள் வகுப்புக்கு அழைத்து உட்கார வையுங்கள். நன்றாக நடக்கும் வகுப்பைக் காட்டுவதில் பயனில்லை. நீங்களே திணறும் வகுப்பைக் காட்டுங்கள். அதன் பின்னர்தான் அவருடைய வகுப்பில் நீங்கள் அமர வேண்டும், அதுவும் எதைக் கவனிக்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே இருவரும் பேசி, ஒன்றே ஒன்றை மட்டும் தீர்மானித்துக்கொண்டு.

ஏழாந்தரக் கணிதப் பாடமொன்றை எடுத்துக்கொள்வோம். ஆசிரியை பின்னங்களின் கூட்டலைப் படிப்படியாக, அழகான கையெழுத்தில் கரும்பலகையில் எழுதி, "விளங்கினதா?" என்று கேட்கிறார். "விளங்கினது டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் பாடுகிறது. மூன்றாம் வரிசையில் சன்னலோரம் இருக்கும் பிள்ளையின் கொப்பியில் அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டிய விடை ஐந்தில் இரண்டு என்று இருக்கிறது. மேலுள்ள தொகுதியெண்ணைத் தொகுதியெண்ணோடும் கீழுள்ள பகுதியெண்ணைப் பகுதியெண்ணோடும் கூட்டியிருக்கிறது அது. பின்வாங்கில் அமர்ந்திருக்கும் நீங்கள் அங்கேயே எழுந்து திருத்தக் கூடாது. பாடம் முடிந்த பின், பிள்ளையின் அனுமதியுடன் அந்தக் கொப்பியை வாங்கி மேசையில் வைத்து, "இந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்?" என்று கேளுங்கள். பேச்சு ஆசிரியையின் குறையை விட்டுப் பிள்ளையின் சிந்தனைக்குத் திரும்பிவிடும். "விளங்கினதா?" என்ற கேள்வியை மறுநாளே அவர் தாமாகக் கைவிட்டு, எல்லோரும் ஒரு கணக்கைச் செய்து கொப்பியை உயர்த்திக் காட்டச் சொல்லுவார்.

கொழும்புக்கே உரிய இன்னொரு சிக்கல் மொழி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியர் "கெதியாய் எழுதுங்கோ" (விரைவாக எழுதுங்கள்) என்றதும் பின்வரிசை அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்கும். அவமதிப்பாக எடுத்துக்கொண்டு அவர் கோபித்தால் அந்தத் தவணை முழுவதும் அதே சொல் துரத்தும்; "உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்லுவீர்கள்?" என்று கேட்டுப் பலகையின் ஓரத்தில் இரண்டையும் எழுதிவிட்டால் சிரிப்பு அத்தோடு தீர்ந்துவிடும். வீட்டில் சிங்களம் பேசிவிட்டுப் பாடசாலையில் தமிழில் பயிலும் பிள்ளைகளும் இங்குப் பலர். அவர்களுடைய மௌனம் எப்போதும் அறியாமையன்று, பல வேளைகளில் சொல்லுக்கான தேடலே என்பதைப் புதியவருக்கு முன்னரே சொல்லி வையுங்கள்.

ஒழுங்கு குலையும் வகுப்பைப் பற்றி ஆசிரியர் அறையில் யாராவது "இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லத்தான் செய்வார். உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சு சுற்றறிக்கை மூலம் தடை செய்திருக்கிறது. இதை மழுப்பாமல் சொல்லுங்கள். வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், செய்ய வேண்டியதையும் காட்டுங்கள்: மணியடிக்குமுன் வாசலில் நிற்பது, பிள்ளைகள் நுழைந்ததும் தொடங்கக்கூடிய சிறு பயிற்சியொன்றைப் பலகையில் எழுதி வைப்பது, இரண்டு வாரத்துக்குள் எல்லாப் பெயர்களையும் மனனம் செய்வது. இவற்றுள் பெயர்தான் மிகவும் வலிமையானது.

இவையெல்லாம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் எழுதும் குறிப்பு புதிய ஆசிரியருக்கே சொந்தம். அதன் பிரதி அதிபரின் கோவைக்குப் போகக் கூடாது. தகுதிகாண் காலத்தில் இருப்பவர், தம் தவறுகள் மேலே போகும் என்று ஐயுற்றால், நீங்கள் வரும் நாளில் மட்டும் ஒத்திகை பார்த்த பாடத்தை நடத்திக் காட்டுவார். மதிப்பீடு அதிபரின் கடமை. அதிபர் உங்களிடம் கருத்துக் கேட்டால், அவரையே வகுப்புக்கு வந்து பார்க்கும்படி பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

பாட உள்ளடக்கத்தில் உங்களுக்கே ஐயமிருந்தால் வலயக் கல்வி அலுவலகத்தின் ஆசிரிய ஆலோசகரை அழைக்கலாம். மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி நூலையும் இருவருமாகச் சேர்ந்து வாசிக்கலாம். இரண்டாந் தவணையில் வாரச் சந்திப்பை இரு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து, எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்க விடுங்கள். மூன்றாந் தவணையில் ஒருநாள் உங்கள் வகுப்பின் பின்வாங்கில் அவரை மீண்டும் அமர்த்தி, இம்முறை உங்களைப் பற்றிக் குறிப்பெழுதித் தரச் சொல்லுங்கள்.