பூச்செடியா, பழமரமா?

முதலில் வெயிலைப் பாருங்கள். நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் விழாத மூலையில் பழமரம் வைக்க நான் சம்மதிக்கவே மாட்டேன். இலை தழைக்கும், காய் பிடிக்காது. சுவரை ஒட்டி மூன்றடிதான் இடமென்றால் மாமரத்தை மறந்துவிட்டுச் செம்பருத்தி வையுங்கள். பூ ஒரே நாளில் வாடும், மறுநாள் வேறொன்று விரியும். ஆனால் இலையைத் திருப்பி, வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி அப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சோம்பல் கூடாது.

பழம்தான் வேண்டுமா? ஒட்டுக்கன்று, அதாவது நல்ல மரத்தின் கிளையை வேறொரு கன்றின் மேல் ஒட்டி வளர்த்தது, வாங்குங்கள்; விதைக்கன்றைவிடச் சீக்கிரம் காய்க்கும். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள். அதற்குக் கீழே துளிர்ப்பதைத் தயங்காமல் கிள்ளிவிடுங்கள். அணிலுக்கும் பங்கு உண்டு, சொல்லிவிட்டேன்.

இரண்டு ஆசையும் விடவில்லை என்றால் மாதுளை: செம்பூவும் உண்டு, பழமும் உண்டு, கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் புதராகவே நிற்கும்.