பாம்பனில் ஹிப்ஹாப் ஆட்டமா? பிட் நோட்டீஸைக் கையாலே போடுங்கள்

போனில் டிசைன் செய்து அனுப்பினால் யாரும் நின்று பார்ப்பதில்லை, தம்பி. கையால் எழுதிய நோட்டீஸ் டீக்கடையில் கை மாறும். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் சிண்டி கேம்ப்பெல் தன் அண்ணன் டிஜே கூல் ஹெர்க்குக்காக நடத்திய, ஹிப்ஹாப் பிறந்ததாகச் சொல்லும் பார்ட்டிக்கும் சின்ன அட்டையில் கையெழுத்து அழைப்புதான். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. இடம், அவர்கள் குடியிருந்த 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தின் பொதுக்கூடம்.

ஏ4 தாளை இரண்டாக மடியுங்கள். வெளிர்நீலப் பென்சிலில் கோடு போட்டால் ஜெராக்ஸில் அநேகமாக விழாது. மேலே ஆடுபவர் பெயர், கறுப்பு மார்க்கரில், கொழுத்த எழுத்தாக. பிராங்க்ஸில் ஹிப்ஹாப் பார்ட்டிகளுக்கு நோட்டீஸ் வரைந்த பட்டி எஸ்கொயர் போட்டவற்றில் எழுத்துதான் ராஜா, போட்டோ அதற்கு அடுத்துதான். போட்டோ ஒட்டினால் ஓரத்தை ஒயிட்னரால் மறையுங்கள். இல்லாவிட்டால் ஜெராக்ஸில் கறுப்புக் கோடு விழும், பார்க்கக் கேவலமாக இருக்கும்.

தேதி? மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுப் பையன்கள் ராத்திரியில் கரையில்தான் இருப்பார்கள்.

இடம் வலை பின்னும் கொட்டகை போதும். ஸ்பீக்கரின் முதுகைக் காற்றுக்குக் காட்டி வையுங்கள், கடற்காற்று பாட்டை எதிர்ப்பக்கம் அள்ளிப் போகக் கூடாது. ஹெர்க் பார்ட்டி விடிகாலை 4 மணி வரை. நமக்கு 10 மணிக்கு மைக் கட், ஸ்டேஷனில் அனுமதியும் வாங்க வேண்டும். அதனால் "மாலை 6 மணி" என்பதைப் பெரிதாகவே எழுதுங்கள்.