உப்புத் தண்ணி கழனியில பழைய நெல்லு போடறவங்களுக்கு

நம்ம பாலாத்து ஓரம், ஆம்பூர் வாணியம்பாடி ராணிப்பேட்டை பக்கம் கழனி இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம், வெயில் காலத்துல மண்ணு மேல வெள்ளையா பூத்துக்கும், போர் தண்ணிய வாயில வச்சா கரிக்கும். உடனே களர்பாலை, உவர்முண்டான், குழியடிச்சான்னு உப்ப தாங்கற பழைய நெல்லு வெதைய எங்கயாவது தேடி வாங்கியாந்து போட்டுடறாங்க. நானும் அப்படித்தான், ஒத்தை நாத்து நடவு நல்லதுன்னு 14 நாள் நாத்த புடுங்கி நட்டேன், பத்து நாள்ல நுனி காஞ்சு பாதி கழனி சொட்டை.

மொதல்ல மண்ண டெஸ்ட் பண்ணுங்க. உவர் வேற, களர் வேற. ஈசி, அதாவது மண்ணுல எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற அளவு, 4-க்கு மேல போனா உவர், பிஎச் 8.5-க்கு மேல போயி சோடியமும் கூட இருந்தா களர். களருக்குத்தான் ஜிப்சம், அதுல இருக்கற கால்சியம் மண்ண புடிச்சிட்டு இருக்கற சோடியத்த தள்ளி விடும், தள்ளி விட்டத தண்ணி கட்டி வடிக்கலன்னா அது அங்கயேதான் கெடக்கும். வெறும் உவருக்கு ஜிப்சம் தண்ட செலவு, நல்ல தண்ணி கட்டி வடிச்சாலே போதும். அந்த நல்ல தண்ணிக்கு எங்க போறது? மழைதான். அதனால நான் வெயில் காலத்துல போய் முடியற நவரை பட்டத்துல இந்த வேலைய தொடவே மாட்டேன், வெயில் ஏற ஏற உப்பு மேல வரும், மழை காலத்து சம்பா பட்டம்தான் சரி. மழைக்கு முன்னாடி வரப்ப ஒசத்தி கட்டி, மழை தண்ணிய ரெண்டு மூணு தடவ தேக்கி தேக்கி வடிச்சு விடுங்க. பசுந்தாள் உரத்துக்கு தக்கைப்பூண்டு வெதைச்சு 45 நாள்ல பூக்கறப்போ மடக்கி ஓட்டிட்டு அப்புறம் நடவுக்கு தண்ணி கட்டி சேடை ஓட்டலாம்.

இந்த நெல்லுங்க ஒண்ணும் மந்திரம் பண்றதில்ல. வேரு சோடியத்த முடிஞ்சவரைக்கும் உள்ள விடாம பொட்டாசியத்த இழுத்துக்குது, மீறி வர்ற உப்ப அடி இலையில தள்ளிட்டு குருத்த காப்பாத்துது, வெடுக்குனு ஒசரமா வளர்றதால உள்ள போன உப்பும் நீர்த்துப் போவுது. அடி இலை காயுதேன்னு பதறி யூரியா வீசாதீங்க, சாஞ்சுடும்.

ஆனா நாத்துலயும் பூ எடுக்கறப்பவும் எந்த நெல்லா இருந்தாலும் உப்புக்கு பயப்படும். நாத்தங்கால நல்ல மண்ணுல போடுங்க, 30 நாளாவது முத்தட்டும், குத்துக்கு மூணு நாலு நாத்தா நடுங்க. பூ எடுக்கறப்போ கழனிய காய விடாதீங்க.

தோல் பதனிடற பேக்டரி கழிவு பாயற கழனியா, விட்டுடுங்க, உப்ப தாங்கற நெல்லு அந்த கழிவுல வர்ற குரோமியத்த தாங்கும்னு கணக்கு போடாதீங்க.

அறுக்கறப்போ வெள்ளை பூத்த மூலையில தப்பிச்சு நின்ன கதிர தனியா அறுத்து வெதைக்கு எடுத்து வைங்க, அடுத்த வருஷம் அதத்தான் போடணும்.