காசியை நடந்து பார்க்க: நெரிசலை விட்டு விலகிய இரண்டு காலைகள்

காசிக்குப் போகிற பலர் தசாசுவமேத காட் (காட் என்றால் படித்துறை), விசுவநாதர் கோயில், மாலை ஆரத்தி என்று ஒரே இடத்தைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். படித்துறைகளோ தெற்கே அசியிலிருந்து வடக்கே ராஜ்காட் தாண்டியும் ஆறேழு கிலோமீட்டர் நீளுகின்றன. நடுவில் உள்ள நெரிசலை விட்டுவிட்டு, தெற்கை ஒரு காலையிலும் வடக்கை மறுகாலையிலும் நடங்கள்.

படி 1: மாதம்

நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்லது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை ஏறிப் படிகள் மூழ்கிவிடும். ஒரு காட்டிலிருந்து அடுத்ததற்குக் கரையோரமாகப் போக வழியே இருக்காது. வெள்ளம் வடிந்தபின் படிகளில் வண்டல் படிந்து கிடக்கும், வழுக்கும். கார்த்திகைப் பௌர்ணமியன்று தேவ தீபாவளி. நடப்பதற்கு அந்த நாள் வேண்டாம்.

படி 2: நேரம்

கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. படித்துறைகள் மேற்குக் கரையில், கிழக்கு பார்த்து இருப்பதால் காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். எனவே விடியுமுன் ஆற்றங்கரை, வெயில் ஏறியதும் சந்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்குமேல் கட்டடங்களின் நிழல் படிகளில் விழும். அப்போது மறுபடி கரைக்கு இறங்கலாம்.

படி 3: தெற்கு

அசியில் தொடங்கி துளசி காட், சேத் சிங் கோட்டை, அனுமான் காட், அரிச்சந்திர காட் வழியாகக் கேதார் காட் வரை. தூரம் ஒன்றரை கிலோமீட்டர்தான்; நின்று பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு காட்டின் பெயரும் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். அனுமான் காட்டில் படியேறிச் சந்துக்குள் போனால் பாரதியார் அத்தை வீட்டில் வாழ்ந்த சிவமடம். கேதார் காட்டில் சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டிய கோயில் கேதாரேசுவரர் கோயில். குமரகுருபரர் வழிவந்த மடம் அருகிலேயே இருக்கிறது.

அரிச்சந்திர காட்டில் பிணம் எரியும். படம் எடுக்காதீர்கள், நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். 'விறகுக்குக் காசு கொடுங்கள்' என்று யாராவது கூடவே வந்தால் பேச்சே கொடுக்காமல் நடந்துவிடுங்கள். பிணம் எரிக்கும் இன்னொரு காட்டான மணிகர்ணிகையில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

படி 4: வடக்கு

காசி ஸ்டேஷன் வரை ஆட்டோவில் போய்விடுங்கள். வாரணாசி சந்திப்பு வேறு, காசி ஸ்டேஷன் வேறு. டிரைவரிடம் 'ராஜ்காட்' என்று சொன்னால் குழப்பம் வராது. முதலில் லால்கான் கல்லறை, பிறகு கரையிறங்கித் தெற்கு நோக்கி பஞ்சகங்கா காட் வரை சுமார் இரண்டு கிலோமீட்டர். பயணிகள் அதிகம் வராத பகுதி இது. காசியில் சிறந்த நடை இதுதான் என்பேன். துணி துவைப்பவர்கள், படகு செப்பனிடுபவர்கள், எருமைகள். பஞ்சகங்காவில் படிகள் செங்குத்து. மேலே ஆலம்கீர் மசூதி, பக்கத்தில் பிந்து மாதவர் கோயில்.

படி 5: சந்துகள்

பஞ்சகங்காவிலிருந்து மேலேறி, பித்தளைக் கடைகள் நிறைந்த தட்டேரி பஜார் வழியாக சௌக் பகுதிக்கு வாருங்கள். உயர்ந்த வீடுகள் வானத்தை மறைப்பதால் போன் மேப் நீங்கள் பக்கத்துச் சந்தில் நிற்பதாகக் காட்டும். வழி தவறினால் சரிவைப் பார்த்து இறங்குங்கள். பெரும்பாலும் கங்கையில்தான் முடியும். 'ராம் நாம் சத்ய ஹை' என்று குரல் கேட்டால் சுவரோடு ஒட்டி நின்று பாடைக்கு வழி விடுங்கள். மாட்டுக்கும் பைக்குக்கும் அதே விதிதான்.

வார் வைத்த, அடி வழுக்காத செருப்பு போடுங்கள். விசுவநாதரையும் சேர்த்துப் பார்ப்பதானால் போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள், உள்ளே விடமாட்டார்கள். குளிர்காலத்தில் சௌக் பக்கம் மலையோ என்ற பால்நுரை இனிப்பு மண்குவளையில் கிடைக்கும். பனியில் வைத்துக் கடைந்தது, வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடும். அதனால் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.